மாதிரிப் பூக்கடையின் தொலைபேசி எண்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூக்கடைக்காரர். ஆயுளில் ஒரு பூவைக்கூட விற்றதில்லை. வீட்டு ஜன்னலில் இருந்த ஒரே தொட்டிச் செடியும் அவர் கைராசியில் வாடித்தான் போயிற்று. ஆனாலும் மூன்றாம் மாடியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பூக்கடைக்காரர்தான். காரணம் இருக்கிறது.

அவர் வேலை பார்த்த நிறுவனம் மற்ற மென்பொருள்காரர்களுக்குக் கருவிகள் செய்து விற்றது. அந்தக் காலத்து இணையப் பக்கங்கள் சோம்பேறிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுக்க வெளுத்துப்போய், மறுபடி முதலிலிருந்து வந்து இறங்கும். இவர்களுடைய கருவியை வைத்துச் செய்தால் அப்படி இல்லை. படம் பெரிதாகும், பட்டியல் விரியும், பொருளை இழுத்துக் கூடையில் போடலாம், பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். ரிச் ஆப் என்று பெயர். அதன் முதல் பதிப்பு வந்தபோது நிறுவனத்தின் செய்திப் பக்கத்தில், இனி இணையத்தின் முகமே மாறப்போகிறது என்று எழுதினார்கள். எழுதிய அம்மாள் அந்த வாக்கியத்தை அதற்கு முன் ஒரு அச்சு இயந்திரத்துக்கும் எழுதியிருந்தாள் என்பது வேறு விஷயம்.

கருவியோடு ஒரு மாதிரிச் செயலியும் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் பிரித்துப் பார்த்துப் படிப்பதற்காக. அதைச் செய்கிற வேலை நம் ஆளுடையது. அவர் ஒரு பூக்கடை செய்தார். ரோஜாவை இழுத்துக் கூடையில் போட்டால் கூடை லேசாக ஆடும். அந்த ஆட்டத்துக்காக அவர் ஒன்பது நாள் உட்கார்ந்தார். நியாயமாகச் சொன்னால் அழகான ஆட்டம்தான்.

பக்கத்தின் அடியில் ‘உதவிக்கு அழைக்கவும்’ என்று ஒரு கட்டம். அதில் ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும். முதலில் வெறும் பூஜ்யங்களைப் போட்டார். அவரே எழுதி வைத்திருந்த சரிபார்ப்பு, இது எண்ணே இல்லை என்று சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டார். அதற்கும் சிவப்புக் கோடு. மறுநாள் காலை வெளியீடு, மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். விரல்களுக்குப் பாடமாகியிருந்த ஒரே எண்ணை, ஊர்க் குறியீட்டோடு சேர்த்து, அவை தாமாகவே தட்டின. சிவப்புக் கோடு மறைந்தது. பக்கத்தில் ‘பிறகு மாற்ற வேண்டும்’ என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். அந்தத் தொழிலில் ‘பிறகு’ என்றால் என்ன பொருள் என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அது அவருடைய வீட்டு எண்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு பகல் வேளையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவர் மனைவி எடுத்தாள். சோபாவின் ஒரு கால் குட்டையாக இருக்கிறது, எப்போது வந்து மாற்றுவீர்கள் என்று ஒரு ஆள் கத்தினார். அடுத்த நாள் ஒரு கிழவர், காப்பீட்டுப் படிவத்தில் மனைவி பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றார். பிறகு ஒரு நீச்சல் பள்ளி, ஒரு கார் வாடகைக் கம்பெனி, ஒரு நாய் மருத்துவமனை. மாதிரியை வாங்கியவர்கள் பூவை எடுத்துவிட்டு சோபாவையும் காரையும் நாயையும் வைத்திருந்தார்கள். அடியில் கிடந்த எண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. ஆட்டம் மட்டும் எல்லாக் கூடையிலும் அப்படியே ஆடியது.

“என்னங்க, நம்ம வீட்டுல என்னதான் விக்கறோம்? முன்னாடியே சொன்னா நானும் தயாரா இருப்பேன்ல?” என்று மனைவி கேட்டாள். அப்போது சிரித்தாள். அவர்களுடைய ஒரே மகளும் சிரித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். யாராவது கூப்பிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மன்னிக்கவும், இன்று ரோஜா தீர்ந்துவிட்டது” என்பாள். சோபாக்காரர் ஒருவர் அதற்கும், “பரவாயில்லம்மா, நாளைக்கு வந்தா சொல்லுங்க” என்றாராம்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இது பால்கூட இல்லையே. ஒரு நாளைக்குப் பத்து அழைப்பு என்று ஆனதும், அவர் ஒரு பதில் சொல்லும் இயந்திரத்தை வாங்கி வந்து தொலைபேசியோடு மாட்டினார். தன் குரலிலேயே பதிவு செய்தார். “இது கடை அல்ல. இது ஒரு மாதிரி எண். தயவுசெய்து இனி அழைக்க வேண்டாம்.” பகலில் யாரும் எடுக்க வேண்டியதில்லை. வீடு அமைதியானது. பிரச்சினையைத் தீர்த்துவிட்ட பெருமையோடு அன்று இரண்டு தடவை அதைப் போட்டுக் கேட்டார்.

அந்த மாதம்தான் பாப்பா ஒரு துணி வடிவமைப்பு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். இறுதியில் இரண்டு பேர். யார் என்று செவ்வாய்க்கிழமைக்குள், விண்ணப்பத்தில் எழுதியிருந்த வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். செவ்வாய் போயிற்று, வெள்ளி போயிற்று. திங்கட்கிழமை அவளே அங்கே கூப்பிட்டாள். அந்தப் பக்கத்துப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: “கூப்பிட்டோமே. இனிமே கூப்பிடாதீங்கன்னு ஒரு ஆம்பளைக் குரல் சொல்லுச்சு. அதான் அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்.”

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது பாப்பா கூடத்தில் நின்றிருந்தாள்.

“ஊர்ல இருக்கற எல்லாருக்கும் இந்த வீட்டு நம்பர் கொடுத்திருக்கீங்கப்பா. எனக்குன்னு ஒரே ஒரு போன் வரணும். அதையும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க.”

அவர் வருத்தப்பட்டார். வருத்தம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது அவருடைய சாபக்கேடு. “வேலை கிடைக்காததுக்கு மெஷின் மேல பழி போடாதே. உண்மையிலேயே வேணும்னா ரெண்டாவது தடவை கூப்பிட்டிருக்க மாட்டாங்களா?” என்றார்.

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று இதைக் கேட்டாள். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது என்று எல்லா அப்பாக்களுக்கும் தெரியும், கொட்டுகிற நேரத்தில் மட்டும் தெரியாது. மூன்றாம் நாள் காலை அவள் ஒரு பையோடு போய்விட்டாள். வேறு ஊரில் வேலை தேடிக்கொள்கிறேன், என்னைத் தேட வேண்டாம் என்று ஒரு காகிதம். அவளுடைய கைப்பேசி ஒரு வாரம் அடித்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

மனைவி இயந்திரத்தைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். “நம்பரை மாத்தினீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். அவளுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான்” என்றாள். அன்றிலிருந்து அடித்த ஒவ்வொரு அழைப்பையும் அவளே எடுத்தாள். குளிக்கும்போது குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. கடைக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் போவாள். எடுத்ததும், “சொல்லும்மா” என்பாள். அந்தப் பக்கம் யாரோ தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுவார்கள். முழுவதும் கேட்டுவிட்டுத்தான், “இது அந்தக் கடை இல்லைங்க” என்பாள். கேட்காமல் வைத்தால், பேச வந்து தயங்குகிறவள் யாரென்று எப்படித் தெரியும்?

இரண்டாம் பதிப்பில் அவர் எண்ணை எடுத்துவிட்டார். ஆனால் ஏற்கெனவே நகல் எடுத்தவன் எடுத்ததுதானே. மூன்றாம் பதிப்பில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வேறு ஒரு குழு ஒரு புதிய வசதியைச் சேர்த்திருந்தது. ‘புதிய செயலி’ என்ற பொத்தானை அழுத்தினால் பூக்கடையே தயாராக வந்து நிற்கும், பெயரை மாற்றிக்கொண்டால் போதும். அந்தப் பூக்கடையை அவர்கள் அவருடைய திருத்திய நகலிலிருந்து எடுக்கவில்லை. கண்காட்சிக்காக முன்பு தனியே எடுத்து வைத்திருந்த பழைய நகலிலிருந்து எடுத்தார்கள். அதில்தான் கூடை நன்றாக ஆடியதாம். ‘மூன்றே நிமிடத்தில் உங்கள் செயலி’ என்று செய்திப் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். படத்தின் அடியில் அவர் வீட்டு எண் பளிச்சென்று தெரிந்தது.

அவர் ஐந்தாம் மாடிக்கு ஓடினார். செய்தி எழுதும் அம்மாள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு வரி போடுங்க மேடம். மாதிரியில இருக்கற போன் நம்பர் தப்பு, எல்லாரும் மாத்திக்கங்கன்னு.”

“செய்தின்னா நல்ல சேதி மட்டும்தான் சார். தப்புன்னு ஒரு வார்த்தை நம்ம பக்கத்துல இதுவரைக்கும் வந்ததே இல்ல.”

“வீட்டுல என் மனைவிக்கு உட்கார நேரமில்ல. எங்க பொண்ணு கூப்பிட்டா லைன் கிடைக்காது.”

அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். கெட்டவள் இல்லை. யோசித்தாள். “மேம்பாடுன்னு வேணா போடலாம்” என்றாள். அடுத்த மாதச் செய்தியில், பதினான்காவது வரியாக, ‘மாதிரித் தரவுகள் மேம்படுத்தப்பட்டுள்ளன’ என்று வந்தது. அதைப் படித்து உலகத்தில் எவன் எந்த எண்ணை மாற்றுவான்? நாளைக்கு நாற்பது அழைப்பு வர ஆரம்பித்தது.

பாப்பா போய் நாலாவது வருஷம் மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவர் கூட வருகிறேன் என்றதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

“எம் பக்கத்துல நர்ஸ் இருக்கா. போன் பக்கத்துல யாரு இருக்கா? நீங்க லீவு போட்டுட்டு வீட்டுல இருங்க. எடுத்தா அவங்க பேசி முடிக்கற வரைக்கும் கேளுங்க.”

முதல் நாள் அவர் கேட்டார். நாற்பத்திரண்டு பேர் பேசி முடிக்கும் வரை கேட்டார். இதைத்தான் மனைவி நாலு வருஷமாகச் செய்கிறாள் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது. இரண்டாம் நாள் காலையிலேயே ஒருவன் குளிர்சாதனப் பெட்டிக்காக அவர் தாயாரை இழுத்துப் பேசினான். அதற்குப் பிறகு அவருக்குப் பொறுமை போய்விட்டது. எடுத்த கையோடு, எதிர்ப்பக்கம் வாயைத் திறக்கும் முன்பே, மனப்பாடமாக இருந்ததைச் சொல்லிவிட்டு வைத்தார். “இது கடை அல்ல. இது ஒரு மாதிரி எண். தயவுசெய்து இனி அழைக்க வேண்டாம்.” பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு அழைப்பு. சொன்னார், வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை, ரிசீவரை மறுபடி தூக்கி மேஜைமேல் கிடத்திவிட்டார். ஒரு வாய் சோறாவது நிம்மதியாகச் சாப்பிடலாமே என்று. சாப்பிட்டார், அப்படியே கண்ணயர்ந்தார். மூன்று மணிக்கு எழுந்துதான் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

மருத்துவமனையில் மனைவி கண்ணில் கட்டோடு முதலில் கேட்டது, “ஏதாவது போன் வந்துச்சா?” என்றுதான்.

“வழக்கமானதுதான்” என்றார்.

ஒரு வருஷம் கழித்து மனைவியின் தம்பி அவரைத் தேடி அலுவலகத்துக்கு வந்தான். பல் மருத்துவமனைகளுக்கு நாற்காலி விற்கிறவன், ஊர் ஊராகச் சுற்றுகிறவன். வீட்டுக்கு வராமல் இங்கே வந்ததிலேயே, அக்கா காதில் விழக்கூடாத விஷயம் என்று அவருக்குப் புரிந்தது. இருவரும் படிக்கட்டு ஓரமாக நின்றார்கள்.

“அத்தான், பாப்பாவைப் பாத்தேன். ஒரு பல் ஆஸ்பத்திரி வரவேற்புல இருக்கா. போன் எடுத்துப் பேசற வேலை.”

“நல்லா இருக்காளா?”

“இருக்கா. மெலிஞ்சிருக்கா. வீட்டுக்கு வா, அம்மாவைப் பாருன்னு கூப்பிட்டேன். போன வருஷமே வந்தேன் மாமாங்கறா.”

பாப்பா அவனிடம் சொன்னது இதுதான். அவள் நம் ஊர்ப் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டாள். வீட்டுக்கு அரை மணி தூரம். நேராக வரக் கால் வரவில்லை. வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பா எடுத்தார். ‘அப்பா’ என்றாள். அதற்குள் அவர் பேசி முடித்து வைத்துவிட்டார். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்ததாம். பாவம் அப்பா, இன்னும் பூக்கடை நடத்துகிறார் என்று நினைத்து மறுபடி போட்டாள். பேச்சில் இருக்கிறது என்று ஒலித்தது. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு மூன்றாவது தடவை போட்டாள். அப்போதும் அதே ஒலி. வந்த பேருந்து திரும்பிப் போவதற்காக நின்றது. அதிலேயே ஏறிப் போய்விட்டாள்.

மைத்துனன் தலையைத் தூக்காமல் சொன்னான். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா அத்தான். உண்மையிலேயே வேணும்னா ரெண்டாவது தடவை கூப்பிடுவாங்கன்னு அப்பா சொன்னார், நான் மூணு தடவை கூப்பிட்டேன்னு. இனிமே அந்த நம்பருக்குக் கூப்பிட மாட்டாளாம். அக்காவுக்குச் சொன்னா தாங்க மாட்டா. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஊருக்குப் போனார். மாமா தன்னைக் கண்டுபிடித்த மறுநாளே பாப்பா வேலையை விட்டுவிட்டாளாம். அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து மனைவியிடம் அலுவலக வேலை என்று சொன்னார். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடுவது என்று நினைப்பார். அவள் தொலைபேசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை வந்துவிடும்.

பிறகு அந்தக் கடைசிச் செய்தி வந்தது. புதிய உலாவிகள் இவர்களுடைய செயலிகளை ஓட விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டன. கைப்பேசிகள் முதலிலிருந்தே சீண்டவில்லை. எனவே கருவி நிறுத்தப்படுகிறது. இதையும் அதே அம்மாள்தான் எழுதினாள். நல்ல சேதியாகத்தான் எழுதினாள். ‘ஒரு வெற்றிப் பயணம் நிறைவடைகிறது.’ அந்தப் பயணத்தில் வந்த நூற்றுப்பத்துப் பேருக்கும், ஆறு மாதத்தில் வேலை முடிகிறது என்று தனித்தனியே கடிதம் கொடுத்தார்கள். ஐம்பத்தாறு வயதுப் பூக்கடைக்காரருக்கும் ஒன்று.

வீட்டில் அழைப்புகள் குறைந்தன. நாற்பது பதினைந்தானது, பதினைந்து மூன்றானது. ஒவ்வொரு கடையாகத் தளத்தை மாற்றி எழுதினார்கள். புதிதாக எழுதியவர்கள் தங்கள் சொந்த எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் முழுக்க ஒன்றுகூட வரவில்லை. வேலை போவது பற்றி மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் முகத்தில் வேறு ஒரு களை.

“பாத்தீங்களா, லைன் ஃப்ரீயாயிடுச்சு. இத்தனை வருஷம் அவளுக்குக் கிடைச்சிருக்காது. இனிமே கிடைக்கும்” என்றாள்.

அவர், “ம்” என்றார்.

கடைசி நாள், மேஜையில் இருந்ததையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினார். மூன்றாம் மாடியின் தொலைபேசிகளைக் கழற்றி எண்ணி எடுத்துப் போக ஒருவர் வந்திருந்தார். கையில் பட்டியல்.

“சார், வேலை செய்யுதா இல்லையான்னு இதுல குறிக்கணும். ஏதாவது ஒரு நம்பர் போட்டுப் பாருங்களேன்.”

அவர் யோசிக்கவில்லை. விரல்களுக்குத் தெரிந்தது ஒரே எண்தானே. முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“சொல்லும்மா.”

அவர் வாயைத் திறந்தார். நான்தான் என்று சொல்ல வேண்டும்.

“பாப்பா? நீதானே? பேசு கண்ணு. அப்பா வீட்டுல இல்ல.”

அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதே. அவர் வர ஆறு மணியாகும். நீ பேச வேண்டாம், சும்மா இரு. நான் பேசறேன். கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், இப்ப நல்லா தெரியுது. உன் ரூம்ல எதையும் எடுக்கல...”

“பேசுதா சார்?” என்று அந்த ஆள் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆள் பட்டியலில் ஒரு குறி போட்டுவிட்டு, குனிந்து சுவரிலிருந்து கம்பியை உருவினார்.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் அட்டைப் பெட்டியை இறக்கி வைத்தார். மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்துப் பல வருஷமாகிறது.

“என்னங்க, பாப்பா கூப்பிட்டா. சத்தியமா அவதான். ஒண்ணும் பேசல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. வேற யாரா இருந்தாலும் ஏதாவது கேட்டிருப்பாங்கல்ல? பாதியில கட்டாயிடுச்சு.”

அவர் செருப்பைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் நின்றார்.

“திரும்பக் கூப்பிடுவா பாருங்க” என்றாள். “உண்மையிலேயே வேணும்னா ரெண்டாவது தடவை கூப்பிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”